தன்னுயிர் மாய்த்தோரும் நம் பங்கின் மக்களே



நவம்பர் மாதம் இறந்தோரை நினைவுகூரும் மாதம். 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று நாம் கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறோம். மெழுகுதிரி ஏற்றி, மலர் தூவி, நம்மைவிட்டுப் பிரிந்தவர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாடுகிறோம். ஆனால் சில குடும்பங்களில் ஒரு பெயரை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. திருப்பலிக் கருத்துக் கொடுக்க வரும் தாய், மகனின் பெயரை எழுதாமல், 'எங்கள் குடும்பத்து ஆன்மாக்களுக்காக' என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். அவர் எப்படி இறந்தார் என்று பங்கு முழுவதற்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை.

இந்த மௌனத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். தற்கொலை என்பது தனி ஒருவரின் பலவீனம், அல்லது விசுவாசக் குறைவு, அல்லது விதி என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சமூகவியலாளரும் மருத்துவ ஆய்வாளரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றைத் திருச்சபையின் போதனையோடும் இறைவார்த்தையோடும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, நம் பங்குகளுக்குத் தெளிவான ஓர் அழைப்பு கிடைக்கிறது.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். மராட்டிய மாநிலத்துக்கு அடுத்தபடியாக அதிகமானோர் இறந்தது தமிழ்நாட்டில்தான். அந்த ஓர் ஆண்டில் மட்டும் இங்கே இறந்தவர்கள் 19,834 பேர். இந்திய அளவில் லட்சம் பேருக்கு 12.4 பேர் என்றிருக்க, தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாட்டில் இவ்வாறு இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். காவல்துறை பதிவுசெய்த காரணங்களில் குடும்பப் பிரச்சினைகள் முதலிடத்திலும், நோய் இரண்டாம் இடத்திலும் இருந்தன. இவ்விரண்டும் சேர்ந்தே மொத்தத்தில் பாதியாகிவிடுகின்றன. கடன், காதல், தேர்வு என்று நாம் உடனே நினைக்கும் காரணங்கள் இவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன.

இவை காவல் நிலையத்துக்கு வந்த கணக்குகள் மட்டுமே. வீட்டுக்குள்ளேயே மறைக்கப்பட்டவை எத்தனை? இதைக் கண்டறிய ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாண்டனர். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் இறப்பு நிகழ்ந்த வீட்டுக்குச் சென்று, குடும்பத்தாரோடு அமர்ந்து, கடைசி நாட்களில் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டறிவார்கள். அந்தக் குறிப்புகளை மருத்துவர்கள் படித்து, இறப்பின் காரணத்தை முடிவு செய்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 1994 முதல் 1999 வரை இம்முறையில் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்தது தெரியவந்தது. இந்தியா முழுவதற்குமான இதுபோன்ற பெரிய ஆய்வு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,87,000 பேர் இவ்வாறு இறந்திருப்பர் என்று அது மதிப்பிட்டது. அதே ஆண்டுக்குக் காவல்துறைக் கணக்கு காட்டியதோ 1,34,599 மட்டுமே. தென் மாநிலங்களில் இந்த இறப்பு அதிகம் என்பதையும், 15 முதல் 29 வயதுக்குட்பட்ட இளையோரின் இறப்புக் காரணங்களில் இது முன்னணியில் இருப்பதையும் அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

ஆம், 'தீராத வயிற்றுவலி', 'தவறுதலாகக் குடித்துவிட்டான்' என்று நாம் சொல்லி மறைத்த மரணங்கள் பல ஆயிரம். மறைத்ததன் காரணம் நமக்குத் தெரியும். முதலாவது போலீஸ் பயம். இரண்டாவது ஊர்ப் பேச்சு. மூன்றாவது, அடக்கத் திருப்பலி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம்.

ஒரு சமூகவியலாளர் கேட்ட கேள்வி

1897ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் எமில் துர்கைம் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். யூத ரபி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஐரோப்பிய நாடுகளின் இறப்புக் கணக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகளில் தற்கொலை குறைவாகவும், புராட்டஸ்டாண்டு சபையினர் மிகுந்த பகுதிகளில் கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார். இரு சபைகளுமே தற்கொலையைப் பாவம் என்றுதானே போதிக்கின்றன? பின் ஏன் இந்த வேறுபாடு?

போதனை மட்டும் மனிதரைக் காப்பதில்லை, கூடி வாழும் வாழ்வே காக்கிறது என்பது அவர் தந்த பதில். ஒரே வழிபாடு, ஒரே நோன்பு, ஒரே திருவிழா, ஒருவர் மற்றவரைத் தேடிவரும் பழக்கம் ஆகியவற்றால் இறுகக் கட்டப்பட்ட சமூகத்தில் தனிமனிதர் எளிதில் அறுந்து விழுவதில்லை. மணமாகாதவரைவிடப் பிள்ளைகுட்டிகளோடு வாழ்பவரிடம் தற்கொலை குறைவு என்றும் அவர் கண்டார். பொருளாதாரம் திடீரெனச் சரியும்போது மட்டுமல்லாமல், திடீரென உயரும்போதும் தற்கொலை கூடுகிறது என்றும் சுட்டிக்காட்டினார். பழகிய நெறிகள் குலைந்து, எதை எவ்வளவு ஆசைப்படலாம் என்பது தெரியாமல் போகும் நிலையை அவர் இதற்குக் காரணமாகக் கூறினார்.

துர்கைமின் முடிவுகளைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை. ஒரு பகுதியின் கணக்கை வைத்து அங்கு வாழும் தனிமனிதரைப் பற்றி முடிவு செய்யலாமா என்று கேட்டனர். கத்தோலிக்கப் பகுதிகளில் இத்தகைய மரணங்கள் விபத்து என்றோ, காரணம் தெரியாதது என்றோ எழுதப்பட்டிருக்கலாம் அல்லவா என்றும் கேட்டனர். இந்த இரண்டாவது கேள்வி நம் நெஞ்சைத் தொட வேண்டும். கத்தோலிக்கர் என்ற பெயர் நம்மைக் காப்பாற்றிவிடாது. நம் பங்கு உண்மையிலேயே ஒருவரை ஒருவர் தாங்கும் குடும்பமாக இருந்தால்தான் அது காப்பாகும். அவ்வாறு இல்லாதபோது மறைப்பது மட்டுமே நம் கையில் மிஞ்சுகிறது.

இலங்கை தந்த பாடம்

தற்கொலையைத் தடுக்கவே முடியாது, சாக நினைப்பவர் எப்படியும் செத்தே தீருவார் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இது உண்மையல்ல என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. 1995ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தை எட்டியது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு 1995 அளவிலும், எண்டோசல்பானை 1998இலும் தடை செய்தது. 2005க்குள் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. போர், வேலையின்மை, மது விற்பனை ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுகள் இந்தக் குறைவை விளக்கவில்லை என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் இத்தடைகளால் காக்கப்பட்டன என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

இது எப்படி நடந்தது? இலங்கை மருத்துவமனைகளில் உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரத்திற்கும் குறைவாகவே யோசித்திருந்தனர் என்று தெரிந்தது. ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கோபம், கையெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள். அந்த அரை மணி நேரத்தைக் கடத்திவிட்டால் வாழ்வு தொடரும். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை.

நம் மாநிலத்திலும் இதே வழியில் ஒரு முயற்சி நடந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரண்டு கிராமங்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கப் பெட்டக அறைகள் அமைக்கப்பட்டன. சாவி அவரவரிடமே இருந்தது. தேவையான அன்று நடந்துபோய் எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான். மக்கள் இதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள் என்பதை 2013இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்கிறது. தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்ற தமிழ்நாட்டின் ஏற்பாடும் இப்படிப்பட்டதே. எல்லாம் முடிந்துபோயிற்று என்று எண்ணும் பிள்ளைக்கு, இன்னும் முடியவில்லை என்று சொல்லும் ஏற்பாடு அது.

ஒன்பது சந்திப்புகள்

பங்கு மக்களாகிய நாம் மறக்கக்கூடாத ஆய்வு ஒன்று உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதலில் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் அது நடந்தது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றப் பிரிவினரோடு கூடுதலாக ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினர். வீடு திரும்பிய பிறகு, அவர்களை 18 மாதங்களில் 9 முறை நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொண்டு, 'எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா' என்று நலம் விசாரித்தனர். 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள் என்று அதற்கு ஒரு கால அட்டவணை இருந்தது.

2008இல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர் அந்தக் காலத்திற்குள் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 2 பேர் மட்டுமே.

விலை உயர்ந்த மருந்து எதுவும் இங்கே புதிதாகத் தரப்படவில்லை. ஒரு மனிதர் மற்றொரு மனிதரை மறக்காமல் தேடிச் சென்றார். மரியாயின் சேனையினர் வாரந்தோறும் செய்வதும், வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழையரின் வீடுகளில் செய்வதும், அன்பியங்கள் செய்ய வேண்டியதும் இதுதானே? வீடு சந்திப்பு என்று நாம் சாதாரணமாக எண்ணும் பணிக்கு உயிர் காக்கும் ஆற்றல் உண்டு என்று ஆய்வு நமக்குச் சொல்கிறது.

திருச்சபை என்ன போதிக்கிறது?

உயிர் இறைவன் தந்த கொடை. நாம் அதன் காப்பாளரே அன்றி உரிமையாளர் அல்லர். ஆகவே தன்னுயிரை மாய்ப்பது இறையன்புக்கும், தன்மீதும் அயலார்மீதும் நாம் கொள்ள வேண்டிய அன்புக்கும் எதிரானது என்று திருச்சபை தொடர்ந்து போதித்து வருகிறது. இதில் மாற்றம் இல்லை.

ஆனால் அச்செயலுக்கு ஒருவர் எந்த அளவு பொறுப்பாளி என்பதில் திருச்சபையின் பார்வை ஆழமாகியிருக்கிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வேண்டுமென்றே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அடக்கம் மறுக்கப்படுவோரின் பட்டியலில் அவர்கள் இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன் 2282ஆம் எண்ணில், கடுமையான மனநலக் கோளாறு, வேதனை, பெரும் அச்சம் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. 2283ஆம் எண்ணில், இவ்வாறு இறந்தவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பைத் தர முடியும் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் போதிக்கிறது. ஆகவே, இவர்களுக்கு அடக்கத் திருப்பலி இல்லை, கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரம்தான் என்று இன்றும் சொல்வோர் திருச்சபையின் போதனையைச் சொல்லவில்லை. பழைய பழக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆர்ஸ் நகரின் புனித ஜான் மரிய வியான்னியின் வரலாற்றில் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று நமக்குத் தெரியும். கணவர் ஆற்றில் விழுந்து உயிரை விட்டதால் நம்பிக்கை இழந்து வந்த ஒரு பெண்ணிடம், பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட அந்த நொடியில் அவர் மனம் வருந்த நேரம் இருந்தது என்று புனிதர் ஆறுதல் கூறினாராம். நாம் அளக்க முடியாத அந்த இடைவெளியில் கடவுளின் இரக்கம் செயல்படுகிறது.

நாட்டுச் சட்டமும் இதே திசையில் நகர்ந்திருக்கிறது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு பல பத்தாண்டுகள் மக்களை அச்சுறுத்தி வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. எனவே போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்க இனிக் காரணம் இல்லை.

விவிலியத்தில் சாவை வேண்டியவர்கள்

பெரிய இறைவாக்கினர் எலியா, ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, 'போதும் ஆண்டவரே' என்று சாவை வேண்டினார் (1 அரசர் 19). கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. விசுவாசம் குறைந்தவன் என்று சொல்லவில்லை. அவரைத் தூங்கவிட்டார். வானதூதரை அனுப்பித் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் தூங்கவிட்டு, மீண்டும் உணவு கொடுத்தார். போக வேண்டிய வழி நெடுந்தொலைவு என்று அவருக்காக இரங்கினார். பிறகே ஓரேபு மலையில் அவரோடு பேசினார். துயருற்றவருக்கு நாம் முதலில் அறிவுரை சொல்கிறோம். கடவுளோ முதலில் சோறு போட்டார்.

தோபித்து நூலின் 3ஆம் அதிகாரத்தில் இருவரைச் சந்திக்கிறோம். பார்வை இழந்து, மனைவியோடு மனத்தாங்கல் ஏற்பட்ட தோபித்து, நினிவேயில் சாவை வேண்டி மன்றாடுகிறார். அதே நாளில் எக்பத்தானாவில் சாரா என்ற இளம்பெண், மணந்த கணவர் எழுவரையும் இழந்து, பணிப்பெண்ணின் பழிச்சொல் தாங்காமல் தன்னுயிரை மாய்க்க எண்ணுகிறார். அவரைத் தடுத்தது எது? தன் தந்தையின் நினைவு. முதிர்ந்த வயதில் அவர் அவமானத்தோடும் துயரத்தோடும் இறப்பாரே என்ற எண்ணம். அந்தப் பாசக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாரா சன்னலருகே நின்று மன்றாடினார். கடவுள் இருவரின் மன்றாட்டையும் ஒரே நேரத்தில் கேட்டு இரபேலை அனுப்பினார். அவர் ஒரு வழித்துணையாக வந்து, உடன் நடந்து, நலம் தந்தார். துர்கைம் கணக்குகளில் கண்டதும், சென்னையிலும் கொழும்பிலும் ஆய்வாளர் கண்டதும் இந்த நூலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாக்கு ஒருவரைச் சாவின் விளிம்புக்குத் தள்ளலாம். ஓர் உறவு அவரைப் பிடித்து நிறுத்தலாம். ஒரு வழித்துணை வீடு சேர்க்கலாம்.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

முதலாவது, பேச்சை மாற்றுவோம். இறந்தவரின் வீட்டில் 'ஏன் இப்படிச் செய்தான், நீங்கள் என்ன சொன்னீர்கள்' என்று துருவுவதை விட்டுவிடுவோம். அந்தக் கேள்வியைக் குடும்பத்தார் தங்களையே இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பதும் அரிது.

இரண்டாவது, 30ஆம் நாள் திருப்பலியோடு நம் வருகையை முடித்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன ஒன்பது சந்திப்புகளின் அட்டவணையை ஒவ்வோர் அன்பியமும் எழுதி வைத்துக்கொள்ளலாம். துயருற்ற குடும்பத்தையும், மருத்துவமனையிலிருந்து திரும்பியவரையும், அவர்கள் விரும்பினால் அதே ஒழுங்கில் சந்திக்கலாம். சந்திப்பவர் ஒருவரோ இருவரோ போதும். கூட்டமாகப் போக வேண்டாம். கேட்டதை வெளியே சொல்லவும் வேண்டாம்.

மூன்றாவது, ஒருவர் மனமுடைந்து பேசினால், 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. பெரும்பாலும் கேட்கப்பட்டதே அவருக்கு ஆறுதலாக அமைகிறது. கேட்டபின் அவரைத் தனியே விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். செபமும் மருத்துவமும் எதிரெதிரானவை அல்ல. மருத்துவரை ஆண்டவரே ஏற்படுத்தினார் என்று சீராக் நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது.

நான்காவது, விவசாயக் குடும்பங்கள் மிகுந்த பங்குகளில் பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்கும் ஏற்பாட்டைப் பங்குப் பேரவை பேசி முடிவு செய்யலாம். தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் மறைக்கல்வி ஆசிரியர்களும் இளையோர் இயக்கத்தினரும், மதிப்பெண் பெற்றோரைப் பாராட்டும் முன், தவறியவர்களின் வீடுகளுக்குப் போகலாம்.

ஐந்தாவது, உதவி கிடைக்கும் இடங்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். நடுவண் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உள்ளது. சென்னையில் 1986ஆம் ஆண்டில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு இப்பணியில் முன்னோடி.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது இப்போது அந்த இருளில் இருக்கலாம். உங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். சோர்ந்துபோனதால் நீங்கள் விசுவாசத்தை இழந்தவர் ஆகிவிடவில்லை. எலியாவும் அந்தச் செடியின் அடியில் இருந்தவரே. இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த எண்ணை அழையுங்கள். பங்குத்தந்தையின் கதவைத் தட்டுங்கள்.

இந்தக் கல்லறைத் திருநாளில், இதுவரை சொல்லப்படாத பெயர்களையும் மன்றாட்டில் சேர்ப்போம். பெயர் எழுதத் தயங்கும் தாயிடம், 'மகன் பெயரையும் எழுதுங்கள் அம்மா, பலிபீடத்தில் வாசிக்கட்டும்' என்று சொல்ல ஒருவராவது நம் பங்கில் இருக்கட்டும். வாழ்வின் ஆண்டவர், இறந்தோருக்கு நிலையான இளைப்பாற்றியையும், இருப்போருக்கு ஒருவரை ஒருவர் தேடிச் செல்லும் கால்களையும் தருவாராக. ஆமென்.